24 மாதக் கையெழுத்து: ஹல்துமுல்லை மக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹல்துமுல்லை, கொஸ்லாந்தை, பெரகலை, பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் பெரியவர்களுக்கும், அண்ணன் அக்காமாருக்கும், தம்பி தங்கச்சிகளுக்கும்,

இங்கிலாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்யும் உங்கள் பிள்ளை எழுதுகிறேன். பாஸ்போர்ட் எடுத்து, ஏஜென்சிக்குப் பணம் கட்டி, பயண நாளுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் லயங்களில் இருக்கிறார்கள். சிலர் வளைகுடாவுக்கு, சிலர் இந்தப் பக்கத்துக்கு. அவர்களுக்கு ஊரே புத்தி சொல்லும்: குளிருக்கு உடுப்பு எடு, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை, யாரையும் நம்பாதே. அந்தப் புத்திமதிகளோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். போய் இறங்கிய முதல் வருடத்தில் கொன்ட்ராக்ட் போன் எடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

போன் விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று நினைக்காதீர்கள். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் என் கவலை உங்களுக்கும் வரும்.

நம் ஊரில் பெரும்பாலும் ரீலோட் போட்டுத்தான் பேசுகிறோம். காசு தீர்ந்தால் போன் நிற்கும். யாரும் யாருக்கும் கடன்காரர் ஆவதில்லை. இங்கே கடைக்குப் போனால், கையில் ஒரு காசும் வாங்காமலே ஒன்றரை இரண்டு இலட்சம் ரூபா பெறுமதியான போனை எடுத்துத் தருவார்கள். கடைப் பிள்ளை ஒரு டப்லெட்டை நம் பக்கம் திருப்புவார். கண்ணாடியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தால் அதுதான் கையெழுத்து. விதிமுறைகள் பிறகு ஈமெயிலில் வரும், பக்கம் பக்கமாக. அன்றிலிருந்து 24 மாதத்துக்கு, மாதம் தவறாமல், நம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகவே போகும். அதற்கு டிரெக்ட் டெபிட் என்று பெயர். போனின் விலை, பேசும் காசு, டேட்டாக் காசு எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் கலந்திருக்கும். பேச்சுக்கும் டேட்டாவுக்குமான ஒப்பந்தம் 24 மாதத்தைத் தாண்டக்கூடாது என்பது இங்குள்ள விதி. அதனால் போனின் விலையை மட்டும் தனிக் கடனாகப் பிரித்து 36 மாதம் வரை இழுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இடையில் வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். மிச்சமுள்ள மாதங்களுக்கான தொகையைக் கணக்குப் போட்டு, பெரும்பகுதியை ஒரேயடியாகக் கட்டச் சொல்வார்கள். நாட்டை விட்டே போகிறேன் என்றாலும் அது ஒரு காரணமாகாது. கட்டாமல் விட்டால் கடன் வசூலிப்பவர்களிடம் கணக்குப் போய்விடும். நம் பெயரில் ஒரு கடன் பதிவு இருக்கும். அதில் விழுந்த கறை 6 வருடத்துக்கு அழியாது. வாடகைக்கு வீடு தேடும்போது அந்தப் பதிவையும் பார்க்கிறார்கள்.

தொகையும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. விலைவாசி உயர்வு எவ்வளவோ அதோடு மேலும் சில சதவீதம் சேர்த்து வருடா வருடம் கூட்டுவோம் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருந்தார்கள். 2023 ஏப்ரலில் அந்தக் கணக்குப்படி 14 சதவீதத்துக்கும் மேல் கூட்டிய நிறுவனங்கள் உண்டு. ஒஃப்கொம் என்ற அரச ஒழுங்குபடுத்தும் அமைப்பு அந்தச் சதவீத முறைக்குத் தடை போட்டது. 2025 ஜனவரி 17 முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில், எந்த மாதத்தில் எத்தனை பவுண், எத்தனை பென்ஸ் கூடும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். கூட்டுவதை அவர்கள் தடுக்கவில்லை. சொல்லிவிட்டுக் கூட்டு என்கிறார்கள், அவ்வளவுதான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் ஒப்பந்தம் எடுத்த நகரத்தில் சிக்னல் குறையில்லாமல் இருந்தது. பிறகு வேலைக் கம்பனி என்னை ஒரு கிராமத்து இல்லத்துக்கு மாற்றியது. பள்ளத்தாக்கு, சுற்றிலும் மேடு. கட்டடத்துக்குள் என் போனில் சிக்னல் வராது. சமையலறை ஜன்னலோரம் நின்றால் மட்டும் ஒரு கோடு ஏறி இறங்கும். இரவு வேலை முடிந்து அங்கே நின்று பேசினால், "குரலு வெட்டி வெட்டி வருது தம்பி, அப்புறம் எடு" என்பார் அம்மா. போன் நிறுவனத்தை அழைத்தேன். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கள் வரைபடத்தில் அந்த இடத்துக்கு வெளியே சிக்னல் இருப்பதாகக் காட்டுகிறது, ஆகவே ஒப்பந்தத்தை முடிக்க வழியில்லை என்றார்கள். மாதக் கட்டணத்தையாவது குறையுங்கள் என்றேன். குறைந்தபட்சக் காலம் முடியட்டும் என்றார்கள். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றை வாங்கி அதே போனில் போட்டேன். இப்போது பேசுவது அந்தச் சிம்மில். பேசாத சிம்முக்கும் மாதம் தவறாமல் பணம் போகிறது.

நான் தாங்கிக்கொண்டேன். என்னோடு வேலை செய்த நம் மலைப்பக்கத்துப் பிள்ளை ஒருத்திக்கு நடந்ததுதான் நெஞ்சை அறுத்தது. அவளை வரவழைத்த பராமரிப்புக் கம்பனிக்கு வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுக்க இருந்த அனுமதி இரத்தானது. அப்படி நடந்தால், இன்னொரு கம்பனியைத் தேடிக்கொள்ள அல்லது நாட்டை விட்டுப் போக, வந்தவர்களுக்குப் பொதுவாக 60 நாள்தான் கொடுக்கப்படும். சம்பளம் நின்றுவிட்டது, தங்கிய அறைக்கு வாடகை கேட்கிறார்கள், அந்த நேரத்தில் போன் நிறுவனம் மிச்ச மாதங்களுக்கான தொகையைக் கேட்டு எழுதுகிறது. இந்த நாட்டில் அவளுக்கு உறுதியாக இருந்தது இரண்டு மாதம். அவள் பெயரில் இருந்த போன் கடனுக்கு அதைவிடப் பல மடங்கு ஆயுள். வேலையும் தங்கும் இடமும் விசாவும் எந்த நேரமும் மாறக்கூடிய ஒருவரின் கையில், மாறவே மாறாத ஒப்பந்தத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை. அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இதை நினைக்கும்போதெல்லாம் தோட்டத்தின் பழைய கணக்குகள் ஞாபகம் வருகின்றன. நம் பாட்டன் பூட்டன்மாரைக் கங்காணிமார் முன்பணம் கொடுத்துத்தான் இந்த மலைகளுக்குக் கூட்டிவந்தார்கள். வழிச் செலவும் அரிசியும் கம்பளியும் பேரேட்டில் கடனாக ஏறின. வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் துண்டு வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடத் தயார் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் ஆட்களோடே நடந்து புதிய பேரேட்டில் போய் உட்காரும். முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டால் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டின் சட்டம் இடம் கொடுத்தது. துண்டு முறையைச் சட்டத்தால் ஒழிக்க 1921 ஆனது.

ஒரு போன் பில்லை அந்தக் கொடுமைக்குச் சமமாக வைத்தால் அது நம் முன்னோரை அவமதிப்பதாகிவிடும். நான் அப்படிச் சொல்லவில்லை. கணக்கின் போக்கைக் கவனியுங்கள் என்கிறேன். கையில் காசில்லாதவனுக்கு முதலில் பொருள் கொடு, பிறகு நீண்ட கடன் எழுது, போக நினைத்தால் முழுவதையும் தீர்க்கச் சொல். இந்தக் கணக்கில் தலைமுறை தலைமுறையாக அடிபட்ட சமூகம் நாம். அதனால் எந்தச் சீட்டில் கையெழுத்து வைக்கும் முன்பும், இதிலிருந்து வெளியே வர எவ்வளவு என்று முதலில் கேட்கும் பழக்கம் மற்ற யாரையும் விட நமக்கு இருக்கவேண்டும்.

போனே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகு, ஊரில் மழை என்று கேள்விப்பட்டால் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, வீட்டுக்கு அழைப்புப் போகாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். போன் நமக்கு உயிர்த்தொடர்பு. இங்கே வாழ்வதற்கும் அது இல்லாமல் முடியாது. பழைய விசா அட்டை போய் இப்போது எல்லாம் இ-விசா. அந்தக் கணக்கைத் திறக்கவும் வங்கியில் பணம் அனுப்பவும் இரகசிய எண் பெரும்பாலும் போனுக்குத்தான் வருகிறது. இவ்வளவு முக்கியமான ஒன்று, நாம் எந்த நேரமும் மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதுதான் என் வாதம்.

அதற்கு வழிகள் இருக்கின்றன. ஊரில் பாவிக்கும் போனையே கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே பலசரக்குக் கடையிலேயே சிம் கிடைக்கிறது. முன்கூட்டியே காசு போட்டுப் பேசலாம், அல்லது 30 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் திட்டம் எடுக்கலாம். வேண்டாம் என்றால் அடுத்த மாதம் விட்டுவிடலாம். இந்தத் தேவையை முதலில் புரிந்துகொண்டவர்களில் நம் தமிழர்களும் உண்டு. 2001இல் தொடங்கிய லெபாராவும் 2006இல் தொடங்கிய லைக்காமொபைலும் இலங்கைத் தமிழர்கள் உருவாக்கிய நிறுவனங்கள். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் குறைந்த காசில் பேச விரும்பும் ஆட்களுக்காக, முன்பணச் சிம்மை வைத்தே அவை வளர்ந்தன.

ஏற்கனவே கையெழுத்து வைத்துவிட்ட பிள்ளைகள் இங்கிலாந்தில் இருந்தால், அவர்களுக்கு இந்த விவரங்களை அனுப்புங்கள். ஒன்லைனிலோ போனிலோ எடுத்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே கைவிடலாம்; கடைக்கு நேரில் போய் எடுத்தால் இந்த உரிமை இல்லை. இன்ஃபோ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி 85075க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், இப்போது விட்டுப் போனால் எவ்வளவு கட்டவேண்டும் என்று பதில் வரும். பி, ஏ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075க்கு அனுப்பினால், அதே நம்பரோடு வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறியீடு வரும். நம்பர் போனால் வங்கியும் இ-விசாவும் சிக்கலாகிவிடும், ஆகவே நம்பரைக் காப்பாற்றிக்கொண்டே மாறவேண்டும். காசு கட்ட முடியாத நிலை வந்தால் டிரெக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டு மௌனமாக இருக்கக்கூடாது. நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, தவணை கேட்கவேண்டும். முறைப்பாட்டுக்கு நியாயம் கிடைக்காவிட்டால் சுயாதீன மத்தியஸ்த அமைப்பிடம் போகலாம், அதற்குக் காசில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்களும் இலவசமாகவே ஆலோசனை சொல்கின்றன.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவைக்கிறேன். உன் பெயரில் இரண்டு மூன்று கொன்ட்ராக்ட் போன் எடுத்துக் கொடு, கையில் காசு தருகிறேன், பில்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று புதிதாக வந்த பிள்ளைகளைச் சுற்றி வருபவர்கள் இருக்கிறார்கள். போன் விற்றுப்போகும், ஆள் மறைந்துவிடுவான், கடன் மட்டும் நம் பிள்ளையின் பெயரில் நிற்கும். சொந்தக்காரன், ஊர்க்காரன், கோயிலில் பழகியவன் யார் கேட்டாலும் பெயர் கொடுக்கக்கூடாது.

வளைகுடாவுக்குப் போகும் அக்கா தங்கச்சிகளின் நிலைமை வேறு. சவூதியில் இணையவழி அழைப்புகளுக்கு இருந்த தடை 2017 செப்டெம்பரில் நீங்கியது. துபாய் பக்கம் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் அனுப்பலாம். அழைத்துப் பேசுவதற்குத் தடை இருந்துவருகிறது. வாட்ஸ்அப்பில் பேசலாம் என்று நம்பிப் போகும் பிள்ளை முதல் வாரத்தில் அழுதுகொண்டிருக்கும். சிம் யாருடைய பெயரில் எடுக்கப்படுகிறது, வேலை முடிந்து திரும்பும் முன் அந்த இணைப்பை யார் மூடுவது என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். சிக்கல் வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தை வீட்டில் இருப்பவர்கள் அழைக்கலாம். அந்த இலக்கம் எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கட்டும்.

இனி உங்களிடம் என் வேண்டுகோள். முதலாவது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் புது போன் கேட்காதீர்கள். போன இரண்டாம் மாதமே தம்பிக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று என்று கேட்கும்போது, இல்லை என்று சொல்ல வாய் வராது. கையில் காசு இல்லாமல் கொடுக்கக்கூடிய ஒரே போன் கொன்ட்ராக்ட் போன்தான். ஊருக்கு வரும் பெட்டிக்குள் இருக்கும் பளபளப்பான போன், அங்கே இரண்டு வருடக் கடனாக இருக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஆங்கிலம் தெரிந்த நம் ஆசிரியர்களும் பல்கலைக்கழகம் போன பிள்ளைகளும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். எந்த நாட்டில் எந்தப் பிள்ளைக்கு எந்த ஒப்பந்தத்தை நீட்டினாலும், கையெழுத்துக்கு முன் அதைப் படம் எடுத்து அந்தக் குழுவுக்கு அனுப்பட்டும். எத்தனை மாதம், வருடத்துக்கு எவ்வளவு கூடும், இடையில் விட்டால் எவ்வளவு என்று மூன்றே மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடித் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, தொழிற்சங்கத் தலைவர்களும் பிரதேச சபை உறுப்பினர்களும், புறப்படும் முன் பணியகம் நடத்தும் பயிற்சியில் போன், வங்கி, வாடகை ஒப்பந்தங்கள் பற்றித் தமிழில் ஒரு பாடம் வேண்டும் என்று கேளுங்கள். வெளிநாட்டுக் காசு நாட்டுக்கு வேண்டும் என்றால், அதைச் சம்பாதிக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும்.

பயணப்படும் தம்பி தங்கச்சிகளுக்கு: புது நாட்டில் உங்கள் பெரிய பலம், சரியில்லாத வேலையையும் சரியில்லாத இடத்தையும் விட்டு வேறு இடம் போக முடிவதுதான். அதை எந்தக் கடையின் கண்ணாடி மேலும் விரலால் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். குழுவைத் தொடங்குங்கள், இங்கிலாந்து ஒப்பந்தங்களை வாசித்துச் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
இங்கிலாந்திலிருந்து
உங்கள் ஹல்துமுல்லைப் பிள்ளை