சேத்தது சரி, மெச் எங்க?

“புது டீம்தானே மச்சான், உங்கள சேத்ததே பெரிய விசயம்.”

போன வருசம் ஒரு சொஃப்ட்போல் சுற்றுப்போட்டியில ஏற்பாட்டாளர் ஒருத்தர் எங்கட மூஞ்சிக்கு நேர சொன்னது இது. எந்தச் சுற்றுப்போட்டி என்பது இங்க வேணாம். ஏற்கெனவே எட்டு டீம் இருந்தது. நாங்களும் இன்னொரு ஊர்க் கழகமும் புதுசு. நுழைவுக் கட்டணம் பத்துப் பேருக்கும் ஒரே தொகைதான். ஆனா பழைய எட்டும் நேரடியா லீக்குக்குள்ள. நாங்க ரெண்டு பேரும் முதல்ல எங்களுக்குள்ள மோதி, வெண்டவர் மட்டும் ஒன்பதாவது டீமா உள்ள போகலாம். பொத்துவிலில இருந்து வேன் பிடிச்சு அக்கரைப்பற்றையும் தாண்டிப் போய், ஆறு ஓவர் விளையாடி, தோத்து, லுஹருக்கு முன்னமே திரும்பிட்டம். தோத்தது எங்கட பிழை. அதுக்கு யாரையும் குறை சொல்லல்ல. கேள்வி வேற.

கேட்டா “நேரமில்ல, கிரவுண்ட் இல்ல” என்றாங்க. கணக்கைப் பார்ப்போம். எட்டு டீம் ஒருத்தரோட ஒருத்தர் ஒருமுறை மோதினா 28 மெச். பத்து டீம் என்றா 45. ரெண்டு டீம் கூடினதுக்கே 17 மெச் கூடுது, கஷ்டம்தான், ஒத்துக்கிறம். ஆனா இவங்க நடத்தின ஒன்பது டீம் லீக்குக்கே 36 மெச் வேணும். பத்தையும் ஐந்து ஐந்தா ரெண்டு குழுவாப் பிரிச்சிருந்தா குழு மெச் 20, அரையிறுதி 2, இறுதி 1. மொத்தம் 23தான். ஒவ்வொரு டீமுக்கும் குறைஞ்சது நாலு மெச். அப்ப நேரமில்ல என்பது பொய்தானே?

ஐபிஎல் வியாபாரம்தான், ஆனா இந்த விசயத்தில எங்கட ஆக்களை விட நேர்மையா நடந்தது. 2022இல குஜராத்தும் லக்னோவும் வந்து எட்டு டீம் பத்தானது. பழையபடி எல்லாரும் எல்லாரோடயும் ரெண்டுமுறை என்றா 90 மெச். அதை 70ஆக் குறைச்சாங்க. எப்படி? ஒவ்வொரு டீமுக்கும் முன்னைப் போலவே 14 மெச், ஐந்து டீமோட ரெண்டுமுறை, மிச்சம் நாலு டீமோட ஒருமுறை. யாரோட ரெண்டுமுறை என்பதில கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்குத்தான். ஆனா நட்டம் எல்லாருக்கும் சமம். சென்னைக்கும் 14, குஜராத்துக்கும் 14. அந்த வருசம் கிண்ணம் தூக்கினது குஜராத், சென்னை ஒன்பதாவது. குஜராத்தையும் லக்னோவையும் முதல்ல மோதவிட்டு ஒண்டை வீட்டுக்கு அனுப்பியிருந்தா?

எங்கட ஏற்பாட்டாளர்கள் ஐசிசியிடம் பாடம் படிச்சவங்க போல. 2017 ஜூனில அயர்லாந்துக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் டெஸ்ட் அந்தஸ்து கொடுத்தாங்க, கைதட்டினாங்க. 2019இல டெஸ்ட் சம்பியன்ஷிப் தொடங்கினப்போ ஒன்பது டீம்தான், இந்த ரெண்டும் இல்ல, சிம்பாப்வேயும் இல்ல. 2023இல காலியில அயர்லாந்து ஒரே இன்னிங்ஸில 492 அடிச்சது. தோத்ததுதான், ஆனா வெண்டிருந்தாலும் சம்பியன்ஷிப்பில ஒரு புள்ளியும் கிடைச்சிருக்காது. உள்ள இருக்கிறவங்களுக்கும் சமமில்ல. 2023-25 சுற்றில இங்கிலாந்துக்கு 22 டெஸ்ட், நம்மட இலங்கைக்கு 13.

இதே ஐசிசி ஒரு நல்ல காரியமும் செஞ்சது. 2020இல தொடங்கின உலகக் கிண்ண சுப்பர் லீக்கில 13 டீம், எல்லாருக்கும் எட்டுத் தொடர், 24 மெச். நெதர்லாந்துக்கும் அதே 24. ஒரே சுற்றோட அதையும் நிறுத்திட்டாங்க.

“புது டீம் வீக், மெச் சப்பென்று போயிடும்” என்று இன்னொரு கதை. 2023 உலகக் கிண்ணத்தில நெதர்லாந்து தென்னாபிரிக்காவை அடிச்சது. ஆப்கானிஸ்தான் இங்கிலாந்து, பாகிஸ்தான், நம்ம இலங்கை மூன்றையும் அடிச்சது. விளையாட விட்டாத்தானே தெரியும் யார் வீக் என்று.

இந்த வருச விண்ணப்பப் படிவம் வந்திருக்கு. கட்டணம் கூடியிருக்கு, எத்தனை மெச் என்று ஒரு வரியும் இல்ல. காசு கட்ட முன்னம் அதை எழுத்தில தாங்க என்று கழகத்தால கடிதம் கொடுத்திருக்கம். ட்ரோ போட முதலே முறையைச் சொல்லச் சொல்லியும் கேட்டிருக்கம். கடிதம் போய் ரெண்டு கிழமை. இன்னும் பதில் இல்ல, காசும் கட்டல்ல.