அட்டனில் ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது?

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இது சின்ன விடயமாகப் படலாம். நான் இதை அதிகாரப் பிரச்சினையாகவே பார்க்கிறேன். வங்கிக்கும் சந்தைக்கும் தோட்ட மக்கள் நகருக்கே வரவேண்டும். அங்கே வாகனத் தரிப்பிடம் ஒதுக்குவதும் கட்டணம் விதிப்பதும் அட்டன்-டிக்கோயா நகரசபையின் பொறுப்பு. ஆனால் சுற்றியுள்ள தோட்டத்தவரில் பெரும்பாலானோர் வாக்களிப்பது நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை போன்ற பிரதேச சபைகளுக்கு. கட்டணம் செலுத்துபவருக்கு அந்த நகரசபையில் குரல் இல்லை.

பிரதேச சபைகளின் கையையோ 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு கட்டிப்போட்டிருந்தது. தோட்டப் பாதைகளுக்குச் செலவிடும் வழி 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்பே திறந்தது.

லயத்து வாசலிலும் இடமில்லை, நகரத்திலும் இடமில்லை. தவணைக் கடனில் ஸ்கூட்டர் வாங்கிய இளைஞருக்குத் தண்டப்பணம் மட்டும் நிச்சயம். இரு தரப்புச் சபைகளும் கூடிப் பேசி, இருசக்கர வாகனங்களுக்குப் பொதுத் தரிப்பிடம் ஒன்றை ஒதுக்கட்டும்.