கடைக் கணக்கு யார் கையில்?

ஒட்டன்சத்திரத்தில் வியாபாரம் செய்யும் நமக்குத் தகவலின் அருமையை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. காலையில் மார்க்கெட்டுக்கு எத்தனை லோடு தக்காளி வந்தது, கேரளத்து வண்டிகள் எத்தனை நிற்கின்றன என்ற இரண்டையும் கேட்டுவிட்டால், 14 கிலோ பெட்டியின் விலை எந்தப் பக்கம் சாயும் என்று டீக்கடையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவோம். ஆனால் இதே நம்மிடம், "போன மாதம் உங்கள் கடையில் எந்தச் சரக்கு எவ்வளவு லாபம் தந்தது?" என்று ஒருவர் கேட்டால் உடனே பதில் வருவதில்லை. ஊர் நிலவரம் விரல் நுனியில் இருக்கிறது; நம் கடை நிலவரம்தான் பிடிபடவில்லை. இந்தக் குறை இனியும் நீடித்தால் பாதிப்பு நமக்குத்தான் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

கல்லூரியில் வணிகவியல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் 'தகவல் முறை' என்று ஒரு பாடம் உண்டு. பெயரைக் கேட்டதும் அது கம்ப்யூட்டர் சமாச்சாரம், பெரிய கம்பெனிகளுக்கு உரியது என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அது சரியல்ல. அந்தப் பாடத்தின் சாரம் மூன்று காரியங்கள்தான். நடந்ததை நடந்தவுடன் பதிவது. பதிந்ததை இனம் பிரிப்பது. பிரித்ததை முடிவெடுக்க வேண்டியவர் கண்ணில் உரிய நேரத்தில் படும்படி வைப்பது. இந்த மூன்றும் நடந்தால் அது தகவல் முறை. நாள்வழியும் பேரேடும் ஐந்தொகையும் வைத்து நம் முன்னோர் செய்ததும் இதுவே. கம்ப்யூட்டர் என்பது பின்னால் வந்து சேர்ந்த கருவி.

விவரம் வேறு, தகவல் வேறு

"ரவை 20 மூட்டை வந்தது" என்பது விவரம். "ரவை 20 மூட்டை வழக்கமாக 12 நாளில் தீரும், இந்தத் தடவை 25 நாளாகியும் 9 மூட்டை நிற்கிறது" என்பது தகவல். முதலாவதைப் படித்துவிட்டு நோட்டை மூடிவிடலாம். இரண்டாவதைப் படித்தால் அடுத்த ஆர்டரை நிறுத்தவேண்டும், அல்லது பக்கத்துக் கடையில் என்ன விலைக்குப் போடுகிறார்கள் என்று விசாரிக்கவேண்டும்.

இன்னொரு உதாரணம் பார்ப்போம். 10,000 ரூபாயை ஒரு ஷாம்பு வகையில் போடுகிறோம். லாபம் 20 சதவீதம். சரக்கு தீர 5 மாதம் ஆகிறது. அப்படியானால் 5 மாதத்தில் 2,000 ரூபாய். மாதத்துக்கு 400 ரூபாய். அதே 10,000 ரூபாயைத் துவரம்பருப்பில் போடுகிறோம். லாபம் 4 சதவீதம்தான். ஆனால் 10 நாளில் தீர்ந்து மறுபடி வாங்குகிறோம். ஒரு சுற்றுக்கு 400 ரூபாய், மாதம் மூன்று சுற்று, ஆக 1,200 ரூபாய். சதவீதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு ஷாம்புதான் நல்ல சரக்கு. சரக்கு சுழலும் வேகத்தையும் பார்க்கிறவருக்குப் பருப்பு அதைப்போல் மூன்று மடங்கு சம்பாதித்துத் தருகிறது என்பது தெரியும். ஸ்கீம் இருக்கிறது, ஒரு பெட்டிக்கு ஒரு டஜன் இலவசம் என்று ஏஜென்சிக்காரர் வந்து நிற்கும்போது, இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் போதும். எதை வாங்குவது, எதை வேண்டாம் என்பது என்று தயங்காமல் சொல்லலாம்.

பெரிய நிறுவனங்களில் பில் போடுகிறவர், கிளை மேலாளர், முதலாளி என்று மூன்று தட்டு உண்டு. அன்றாட விற்பனை முதல் தட்டுக்கு. மாத இருப்பும் நிலுவையும் இரண்டாவது தட்டுக்கு. அடுத்த ஆண்டு எந்த வியாபாரத்தில் பணம் போடுவது என்ற யோசனை மூன்றாவதற்கு. மளிகைக் கடையில் மூன்று பேரும் நாமே. காலை முதல் இரவு வரை பில் போடுகிறவராகவே இருந்துவிட்டு, முதலாளியாக உட்கார்ந்து யோசிக்க நேரமில்லாமல் போவதுதான் நம் நிலைமை.

கூடி வைத்த கணக்கின் பலன்

தகவலை ஒழுங்கு செய்ததால் ஒரு தொழிலே நிமிர்ந்ததற்கு நாமக்கல் சாட்சி. ஒரு காலத்தில் முட்டைக்கு வியாபாரி சொன்னதே விலை. பண்ணைக்காரருக்கு அடுத்த ஊர் விலை தெரியாது. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. இன்று நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை என்ன என்பது பண்ணைக்காரர், மொத்த வியாபாரி, பெட்டிக்கடைக்காரர் என எல்லோருக்கும் தெரிகிறது. அது பரிந்துரை விலைதான், கட்டாயம் இல்லை. ஆனாலும் பேரம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. பருப்பு, எண்ணெய், வற்றல் ஆகியவற்றில் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தை நாளேட்டில் பார்த்துவிட்டு விலை பேசுகிறோமே, அதுவும் இதே வகை.

நம் சரக்கு போகும் கேரளத்திலேயே இதற்கு இன்னும் துல்லியமான சான்று இருக்கிறது. வடகேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை செல்போன் வசதி பகுதி பகுதியாக வந்தது. அதற்கு முன்னும் பின்னும் மத்தி மீன் வியாபாரம் எப்படி நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் கணக்கெடுத்து 2007-ல் வெளியிட்டார். 1997 ஜனவரியில் ஒரு நாள் காலை வடகரையில் 11 மீனவர்கள் பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டும் நிலையில் நின்றார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 27 பேர் வாங்க மீனில்லாமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். செல்போன் வந்தபின் கடலில் இருந்தபடியே கரை விலையைக் கேட்டுப் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது.

தக்காளி விலை விழுந்து ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போகும் காட்சியை நாமும் பார்த்திருக்கிறோம். எல்லா வருஷமும் அதற்கு விளைச்சல் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எங்கே தேவை இருக்கிறது என்ற தகவல் வந்து சேராததும் ஒரு காரணம்.

நம் கடையைப் பற்றி மற்றவர் வைத்திருக்கும் கணக்கு

முக்கியமான விஷயம் இனிமேல்தான். நாம் கணக்கு வைக்காவிட்டாலும் நம் கணக்கு எங்கோ எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. யு.பி.ஐ. அட்டையைக் கல்லாப்பெட்டி மேல் ஒட்டிய நாளிலிருந்து நம் விற்பனையில் ஒரு பகுதி வங்கிக்குத் தெரியும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து நமக்குச் சரக்குப் போட்டவர் தாக்கல் செய்யும் விவரத்தில் நம் கொள்முதல் பதிவாகிறது. ஷிகர் போன்ற செயலிகளில் ஆர்டர் போட்டால் எந்தக் கடை எந்தச் சோப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குகிறது என்பது கம்பெனிக்குத் தெரியும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 890 என்று தொடங்கும் பட்டைக்கோடு இருக்கிறதே, அது நம் கடைக்குள் வந்து நம் கையால் வெளியே போகிறது. அதைப் படித்துப் பயன் பெறுகிறவர்களோ பெரிய கடைக்காரர்கள்.

இதன் விளைவைக் கர்நாடகத்தில் கண்டோம். 2025 ஜூலையில் அம்மாநில வணிகவரித் துறை யு.பி.ஐ. பணவரவை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு, நான்கு ஆண்டில் 1.63 கோடி ரூபாய் வரவு என்று காட்டி 29 லட்சம் ரூபாய் வரி கேட்டு நோட்டீஸ் வந்ததாகச் செய்தி வெளியானது. பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் வங்கிக் கணக்கில் வந்த பணத்தில் காய்கறி எது, வேறு எது என்று எழுதியிருக்காது. வியாபாரிகள் போராட்டம் அறிவித்த பின், வரிவிலக்குப் பொருள் விற்றவர்களிடம் வசூலிக்க மாட்டோம் என்று முதலமைச்சர் சித்தராமையா சொன்னார். நல்லது. ஆனால் போராட்டம் வரை போகாமல் மேஜையில் எடுத்துவைக்க ஒரு நோட்டு இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளவேண்டும். வரிவிலக்குப் பொருளை மட்டுமே விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. காய்கறியோடு பிஸ்கட்டும் சோப்பும் சேர்த்து விற்பவருக்கோ, பதிவுக்கான 40 லட்சம் ரூபாய் வரம்பைப் பார்க்கும்போது காய்கறி விற்பனையும் சேர்த்தே எண்ணப்படும். வரி மட்டும் வரிப்பொருளுக்குத்தான். ஆகவே இரண்டையும் தனித்தனியே எழுதி வைப்பது நமக்கே பாதுகாப்பு.

2025 செப்டம்பர் 22-ல் வரி விகிதங்கள் மாறின. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. இருப்புப் பட்டியல் வைத்திருந்த கடைக்காரருக்கு அது ஒரு மாலை நேர வேலை. பட்டியல் இல்லாதவர் அலமாரி அலமாரியாகப் பாக்கெட்டை எண்ண வேண்டியதாயிற்று.

சொல்லப்படும் தடைகள்

'கணக்கைப் பார்த்தால் பிணக்கு வரும்' என்பார்கள். உறவுக்குள் அது சரி. கடைக்குள், கணக்கைப் பார்க்காததால்தான் பிணக்கே வருகிறது. 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்ற பழமொழியும் நம் பெரியவர்கள் சொன்னதுதானே?

எழுதி வைத்தால் அதிகாரிகள் கையில் நாமே ஆயுதம் கொடுத்ததாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான பயம், அலைக்கழிப்பு இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் பாதிக் கணக்கு ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. அது சொல்வது வரவை மட்டும். கொள்முதல் விலை, கழிவு, திரும்பி வந்த சரக்கு, வசூலாகாத கடன் ஆகிய மீதிப் பாதி நம்மிடம் இருந்தால்தான் நம் பக்கத்து நியாயத்தைப் பேச முடியும்.

செலவு அதிகம் என்பது இன்னொரு தடை. நாற்பது பக்க நோட்டில் தொடங்கினால் செலவே இல்லை. முறை இல்லாத கடையில் கம்ப்யூட்டர் வந்தால் குழப்பம்தான் வேகமாக நடக்கும். முதலில் எழுதும் பழக்கம், பிறகு கருவி.

செய்ய வேண்டியவை

முதலாவது, அதிகம் விற்கும் இருபது சரக்குகளுக்கு மட்டும் வரவு, விற்பனை, இருப்பு என்று தினமும் இரவு பத்து நிமிடம் எழுதுவோம். இரண்டாவது, கொடுத்த கடனை ஆள்வாரியாக மட்டுமின்றி நாள்வாரியாகவும் பார்ப்போம். 30 நாளுக்கு மேல் நின்றால் தனிப் பக்கம். மூன்றாவது, வரியுள்ள சரக்கு, வரியில்லாச் சரக்கு என்று விற்பனையைப் பிரிப்போம். வீட்டுப் பணம், கைமாற்று ஆகியவற்றைக் கடை யு.பி.ஐ.-யில் வாங்காதிருப்போம். நான்காவது, செயலியிலோ கம்ப்யூட்டரிலோ எழுதுகிறவர்கள் மாதக் கடைசியில் ஒரு நகல் எடுத்துத் தனியே வைப்போம். கடவுச்சொல் கடைப் பையனிடம் மட்டும் இருக்கக்கூடாது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் மார்க்கெட்டின் அன்றாட விலை நாளேட்டில் வருகிறது, கைப்பேசிக் குழுக்களில் ஓடுகிறது. விலையோடு வரத்து எவ்வளவு, எந்த ஊருக்குப் போக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து ஒரே தாளில் சங்கமே வெளியிட்டு, ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கவேண்டும். 2018 ஆகஸ்டில் கேரளப் பெருவெள்ளம் வந்தபோது திருவோணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அப்படி ஒரு சந்தை திடீரென்று அடைபடும்போது, மற்ற ஊர்கள் எந்தச் சரக்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லக்கூடியது பழைய கணக்கு ஒன்றுதான்.

வரத்தை வெளியே சொன்னால் விலை விழுந்துவிடும், முந்தித் தெரிந்துகொண்டவருக்குக் கிடைத்த ஆதாயம் போய்விடும் என்று கமிஷன் கடை நண்பர்கள் சிலர் நினைக்கலாம். சிலருக்குச் சில நாள் அந்த ஆதாயம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் விலை தெரியாமல் ஏமாந்த விவசாயி அடுத்த தடவை வேறு மார்க்கெட் தேடுவார். வடகரை மீனவர்களைப் போல் அவர் கையிலும் இன்று செல்போன் இருக்கிறது. நம்பி வருகிறவர் குறைந்தால் கமிஷனும் குறையும்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தராசில் அளப்பதை நாம் விட்டதில்லை. அளந்ததை எழுதுவதில்தான் சோம்பல். அடுத்த செயற்குழுவில் வரத்துப் போக்குத் தாளைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை காத்திராமல், இருபது சரக்குக் கணக்கை இன்றிரவே நம் கடைகளில் தொடங்குவோம்.