உலர் திராட்சையும் ஓவர்டைமும்

ஒரே ஒரு உலர் திராட்சை. அதை விரலிடுக்கில் உருட்டி, முகர்ந்து, நாக்கில் வைத்து, நிதானமாக மென்று விழுங்கவே சில நிமிடங்கள். இந்தக் கணத்தில் முழுக் கவனம் வைக்கப் பழக்கும் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ எனும் எட்டு வாரப் பயிற்சியின் பிரபலமான பாடம் இது. தீராத வலியோடு போராடியவர்களுக்காக 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய பயிற்சி.

பலன் உண்டா? உண்டு.

மனத்தின் நல்ல பக்கங்களை ஆராயும் நேர்மறை உளவியலும் கைகொடுக்கிறது. உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்களை வாரந்தோறும் எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட வாழ்க்கையில் அதிக நிறைவு கண்டனர்.

ஆனால் மைண்ட்ஃபுல்னெஸை எல்லோர் தலையிலும் கட்டினால் கதை வேறு. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000க்கும் அதிகமான மாணவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. வழக்கமான வகுப்புகளைவிட மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவேயில்லை.

விரும்பிச் செய்பவருக்கு இது நல்ல துணை. வேலைப்பளுவுக்கு மாற்று மருந்தல்ல. ஊழியர்களுக்குத் தியானச் செயலி வாங்கித் தரும் நிறுவனங்கள், முதலில் இரவு பத்து மணி மீட்டிங்குகளை நிறுத்தட்டும். பள்ளிகள் இதை விருப்பப் பாடமாக வைத்துவிட்டு, கூடவே ஒரு மனநல ஆலோசகரையும் நியமிக்கட்டும்.