பாட்டி வெச்ச காசைத் தேய்க்காதீங்க

தாம்பரத்தைச் சுத்தி இப்போ பழைய வீடு இடிபடாத தெருவே இல்லை. முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பைன்னு எங்க பார்த்தாலும் நெல்லு விளைஞ்ச நிலம் மனையாயிடுச்சு, ஓட்டு வீடு அபார்ட்மென்ட் ஆயிடுச்சு. வீட்டைக் காலி பண்றப்போ பரண் மேல இருக்கிற டிரங்குப் பெட்டியைத் திறந்தா, மஞ்சள் துணியில முடிஞ்சு வெச்ச நாலு வெள்ளி ரூபாயாவது கிடைக்கும். ராணி தலை, இல்லாட்டி ராஜா தலை. அது பெரும்பாலும் நேரா நகைக்கடைத் தராசுக்குப் போகுது. அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை உத்துப் பாருங்கன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். நெல்லு வாங்க வர்ற வியாபாரி ஒரு மணியைக் கடிச்சுப் பார்ப்பார். விவசாயி அவருக்கு முன்னாடியே கடிச்சுப் பார்த்து வெச்சிருப்பான். அது மாதிரிதான்.

எங்க சித்தி ஒன்பது காசு எடுத்துட்டு ஒரு கடைக்குப் போனாங்க. கடைக்காரர் வருஷம் கூடப் பார்க்கலை. எல்லாத்தையும் ஒண்ணா தட்டுல கொட்டி, எடை போட்டு, "பழைய வெள்ளிம்மா"ன்னு கழிவும் பிடிச்சுட்டார். அதுல நல்ல வெள்ளியும் இருந்துச்சு, பாதி வெள்ளியும் இருந்துச்சு.

அந்தக் காலத்து ரூபாய் சரியா ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டு பங்குல பதினொரு பங்கு வெள்ளி. அன்னைக்கு வெள்ளி கிராம் என்ன விலையோ அதை 10.7-ஆல பெருக்குனா, அதுக்குக் கீழே கேக்கிறவருக்குக் கொடுக்க வேண்டாம்னு தெரிஞ்சுடும். போர் வந்த பிறகு, 1940-ல இருந்து 1945 வரைக்கும் அடிச்ச ஆறாம் ஜார்ஜ் ரூபாயில பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் வெறும் நிக்கல், காந்தத்துல ஒட்டும். அதையும் வெள்ளின்னு நம்பி பீரோவுல பூட்டி வெச்சிருக்காங்க.

எடைக்கு மேல விலை கிடைக்குமாங்கிறதை முகம்தான் சொல்லும். கை பட்டுப் பட்டு முதல்ல தேயறது மேடான இடம். விக்டோரியா காசுன்னா காதுக்கு மேல வாரின முடியும், சட்டையில இருக்கிற பூ வேலையும். அஞ்சாம் ஜார்ஜுக்கு மீசை, கிரீடத்துக் கல்லு, அங்கியில இருக்கிற குட்டி யானை. 1911-ல அடிச்ச காசுல அந்த யானை பன்னி மாதிரி இருக்குன்னு முஸ்லிம்கள் கோபப்பட்டதால, பெரும்பகுதியைத் திரும்ப உருக்கிட்டாங்க. மறு வருஷம் தும்பிக்கையைச் சரி பண்ணி அடிச்சாங்க.

மயிரிழை ஒவ்வொண்ணா தெரிஞ்சா சேகரிக்கிறவங்க எக்ஸ்ட்ரா ஃபைன்பாங்க. புழங்காத காசு அன்சர்குலேட்டட். அதை வெளிச்சத்துல சாய்ச்சா ஒளி சக்கரம் மாதிரி சுத்தி வரும். வெறும் ஃபைன்னு சொன்னா மயங்கிடாதீங்க, முடியெல்லாம் மழுங்கிப் போன காசுக்குத்தான் அந்தப் பேரு! அதுக்கு உருக்கு விலையை விடக் கொஞ்சம் சேர்த்துக் கிடைச்சாலே பெருசு.

இதையெல்லாம் கெடுக்கிறது நம்ம சுத்தம்தான். தீபாவளிக்கு முன்னாடி குத்துவிளக்கோட சேர்த்துக் காசையும் புளி போட்டுத் தேய்ப்பாங்க. சில வீட்டுல விபூதி, சில வீட்டுல பல்பொடி. பளபளன்னு ஆயிடும். ஆனா பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தா முகமெல்லாம் கீறல். தெரிஞ்சவர் அந்தக் காசைக் கையில வாங்கின உடனே கீழே வெச்சுடுவார். வெள்ளி கறுக்கிறது காத்துல இருக்கிற கந்தகத்தால, அது அழுக்கு இல்லை. மண்ணு ஒட்டியிருந்தா நல்ல தண்ணியில ஊறப் போட்டு, பஞ்சால ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க. மாலையில கோக்க வளையம் பத்தவெச்ச காசுக்கும் மதிப்பு குறையும். எங்க அம்மா காசு ஒண்ணு அப்படி இருக்கு. அதை நான் விக்கப் போறதில்லை, அது வேற கதை.

பழைய வருஷம்னா விலை கூடும்னு ஒரு நினைப்பு இருக்கு. 1862-ன்னு போட்ட அச்சை வருஷம் மாத்தாம 1874 வரைக்கும் அடிச்சிருக்காங்க. அதனால அது ஊரெல்லாம் கிடக்கு. அதை விட எவ்வளவோ பிந்தின 1939 ரூபாய்தான் அபூர்வம். அதுலயே போலியும் ஜாஸ்தி.

இந்த வீடியோக்காரங்க விஷயம். விக்டோரியா காசு கோடிக்குப் போகும்பாங்க, அப்புறம் வரி, கமிஷன்னு முதல்ல நம்மகிட்டப் பணம் கேப்பாங்க. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே ஏமாத்துனதால, 2021 ஆகஸ்ட்ல வங்கியே எச்சரிக்கை விட்டுச்சு. வாங்குறவன் பணம் தருவானா, கேப்பானா? வீடு வித்தவங்க, பேங்க் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க கூட இதுல விழுறாங்க.

பெட்டியில கிடைச்சது உங்களுது. அஸ்திவாரம் தோண்டறப்போ மண்ணுக்குள்ள கிடைச்சா வேற. 1878 புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னாலே கலெக்டருக்குச் சொல்லியாகணும். அப்படி வந்த காசுங்கதான் எழும்பூர் மியூசியத்துல நிறைய இருக்கு. அப்புறம், நூறு வருஷம் தாண்டின காசை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. அமெரிக்காவுல இருக்கிற பேரனுக்கு ஆசையா கூரியர் போட்டுடாதீங்க, லீவுக்கு வர்றப்போ இங்கேயே காட்டுங்க.