மௌனத்துக்கும் ஒரு தேதி உண்டு

சர்க்கார் உத்தியோகம் என்றால் நம் குடும்பங்களில் இன்றைக்கும் ஒரு தனி மதிப்புத்தான். மாப்பிள்ளைக்கு அது வாய்த்திருந்தால் பெண் வீட்டார் ஜாதகத்தைக்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த உத்தியோகத்துக்குள்ளே ஒருவருக்கு அநீதி நேர்ந்தால், அதைக் கேட்பதற்குச் சட்டம் எத்தனை நாள் கொடுத்திருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை; பெரும்பாலும் உத்தியோகஸ்தருக்கே தெரிவதில்லை. இந்த வாரம் அதைப் பற்றிச் சொல்ல எண்ணுகிறேன். விஷயம் கொஞ்சம் வறட்சியானதுதான். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லைக்கு அருகில் இருக்கிறது ஆர்.கே.பேட்டை. தறிச் சத்தத்தோடு தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும் ஊர். ஆந்திர ராஜ்யத்தில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருத்தணி வட்டாரம் 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு தேதி எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிடும் என்பதை அந்தப் பக்கத்தாருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வூரில் இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தபாலாபீஸ் குமாஸ்தா. இன்னொருவர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் ஓர் அம்மாள். இருவருக்கும் கஷ்டம் ஒன்றே. தமக்குப் பின்னால் சேர்ந்தவருக்கு உத்தியோக உயர்வு கிடைத்துவிட்டது, தமக்குக் கிடைக்கவில்லை. அவருக்குப் பிறந்த ஜாதி காரணமாயிருக்கலாம். அம்மாளுக்குப் பெண்ணாய்ப் பிறந்ததே காரணமாயிருக்கலாம். எந்த உத்தரவிலும் இந்தக் காரணத்தை எழுதி வைக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

உடனே என்ன நடக்கிறது? வீட்டில் பெரியவர்கள், "அவசரப்படாதே, மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ளாதே, ஒரு மனு எழுதிப் போட்டுவிட்டுப் பொறுமையாயிரு" என்கிறார்கள். மனு எழுதப்படுகிறது. அது 'உரிய வழியாக'ப் போக வேண்டும். உரிய வழி என்றால், எந்த அதிகாரியைப் பற்றிக் குறை சொல்கிறோமோ, பல சமயங்களில் அவருடைய மேஜை வழியாகத்தான்! அந்த மேஜையில் அது தங்குகிறது. மூன்று மாதம் கழித்து ஞாபகமூட்டும் மனு ஒன்று. தீபாவளிக்குப் பிறகு இன்னொன்று. "பரிசீலனையில் இருக்கிறது" என்று வாய்மொழியாகப் பதில் வருகிறது. பதில் வராதவரையில் நம் வழக்கு உயிரோடிருக்கிறது என்று இருவரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கைதான் ஆபத்து. சட்டம் வேறு விதமாகக் கணக்கிடுகிறது.

தபாலாபீஸ் குமாஸ்தா மத்திய சர்க்காரைச் சேர்ந்தவர். அவருடைய வழக்கைக் கேட்பது சென்னையிலுள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். 1985-ஆம் வருஷத்து நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் அவருக்கு வைத்திருக்கும் கெடு, முடிவான உத்தரவு பிறந்த தேதியிலிருந்து ஒரு வருஷம். விதிப்படி அப்பீலோ மனுவோ செய்துவிட்டுப் பதிலே வராவிட்டால்? ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் முடிந்ததும், "இல்லை" என்று பதில் சொன்னதற்குச் சமமாக அந்த மௌனத்தைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் தீர்ப்பாயத்தின் வாசலை மிதித்துவிட வேண்டும். ஆக மொத்தம் ஒன்றரை வருஷம். விண்ணப்பக் கட்டணமாக 1987-ஆம் வருஷத்து விதிகள் வைத்ததோ ஐம்பது ரூபாய்தான். ஆகையால் பலருக்கு வழியை அடைப்பது பணமல்ல, தேதிதான்.

ஞாபகமூட்டும் மனுக்கள் இந்தக் கணக்கில் சேருமா? சேரா. 1989-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஏழு நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து இதைத் தீர்த்துவிட்டார்கள். விதியில் இடமுள்ள அப்பீல் அல்லது மனுவுக்கு மட்டுமே மதிப்பு. அதற்கு மேல் எத்தனை மனு எழுதினாலும் கெடு ஒரு நாள்கூட நீளாது. நம்மவர் நாலு வருஷமாக அனுப்பிய ஞாபகமூட்டல்களெல்லாம் தபால் செலவோடு சரி.

தண்டனை உத்தரவாயிருந்தால் முதல் கெடு இன்னும் குறுகியது. மத்திய சர்க்கார் ஊழியருக்கு 1965-ஆம் வருஷத்து விதிகளின்படி அப்பீலுக்கு 45 நாள். தமிழ்நாட்டு சர்க்கார் ஊழியருக்கு இரண்டு மாதம். உத்தரவின் பிரதி கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இதனால்தான் உத்தரவு வந்த உறையைக் கிழித்து எறியக்கூடாது என்பது. கோபத்தில் முதலில் கிழிபடுவதும் அந்த உறைதான்!

இனி ஒன்றிய அலுவலகத்து அம்மாளைப் பார்ப்போம். ராஜ்ய சர்க்கார் ஊழியர்களுக்கென்று சென்னையில் 1988-ல் ஒரு நிர்வாகத் தீர்ப்பாயம் ஏற்பட்டது. இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷங்களுக்குள் அது கலைக்கப்பட்டு, வழக்குகள் ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டன. ஹைகோர்ட்டில் ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்று எழுதிவைத்த கெடு கிடையாது. கேட்பதற்கு அனுகூலமாகத் தோன்றும். வாஸ்தவத்தில் எழுதாத கெடுதான் அதிகக் கண்டிப்பானது, ஏனென்றால், "ஏன் தாமதம்?" என்று நீதிபதி கேட்கும்போது கையைக் காட்ட ஒரு சட்டப் பிரிவு இல்லை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. 1957-ல் தம்மைத் தாண்டி ஜூனியர்களுக்கு உயர்வு கொடுத்துவிட்டார்கள் என்று பதினான்கு வருஷம் கழித்து ஓர் என்ஜினீயர் வழக்குத் தொடர்ந்தார். 1974-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. இத்தகைய குறையுள்ளவர் ஆறு மாதத்துக்குள், மிஞ்சினால் ஒரு வருஷத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்றது. அத்தனை வருஷத்துக்குப் பின் ஏணியின் ஒரு படியை உருவினால் மேலே நிற்கிற எல்லோரும் விழுவார்கள் அல்லவா? இந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறதென்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொருவர் சுரங்கத் துறையில் இருந்தவர். 1982-ல் வேலை போயிற்று. சுமார் பதினெட்டு வருஷம் சென்றபின் மனு கொடுத்து, அதைப் பரிசீலிக்கும்படி துறைக்கு ஓர் உத்தரவும் வாங்கினார். துறை பரிசீலித்து மறுத்தது. அந்த மறுப்பைப் புது உத்தரவாகப் பாவித்து வழக்காடினார். 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. செத்துப்போன விவகாரத்துக்குப் பதில் எழுதுவதால் அதற்கு உயிர் வந்துவிடாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் சம்பளத்தின் கதை வேறு. உயர்வு என்பது ஒரு நாளில் நடந்து முடிந்துவிடும் காரியம். தப்பாக நிர்ணயித்த சம்பளமோ மாதா மாதம் புதிதாக இழைக்கப்படும் தீங்கு. 1978-ல் குறைவாக நிர்ணயித்த சம்பளத்துக்காக 1989-ல் வழக்குப் போட்ட ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவரைத் தீர்ப்பாயம் காலம் கடந்தவர் என்று திருப்பி அனுப்பியது; 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் நின்றது. பழைய பாக்கி முழுவதும் கிடைக்காது. இனி வரும் சம்பளம் சரியாகும். அமெரிக்காவில் இதே விஷயம் பெரிய ரகளையாயிற்று. லில்லி லெட்பெட்டர் என்ற ஸ்திரீ, ஆண்களைவிடக் குறைந்த சம்பளத்தில் வருஷக்கணக்காக ஒரு டயர் தொழிற்சாலையில் உழைத்தவர். 180 நாள் கெடு தவறிவிட்டதென்று 2007-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு கைவிரித்தது. ஒவ்வொரு சம்பளச் சீட்டும் புதுக் கெடுவைத் தொடங்கும் என்று 2009-ல் சட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே மத்திய சர்க்கார் ஊழியருக்கு இன்னும் நெருக்கடி. பாரபட்சம் நடந்த 45 நாளுக்குள் அதற்கென்று உள்ள ஆலோசகரைப் பார்த்தாக வேண்டும். அவர் நோட்டீஸ் கொடுத்தபின் முறையான புகாருக்குப் பதினைந்தே நாள்.

வேலைக்குப் போகும் பெண்கள் இன்னொரு கெடுவையும் அறிந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் பாலியல் தொந்தரவு நேர்ந்தால், 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். தொந்தரவு தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணலாம். தக்க காரணம் இருந்தால் கமிட்டி இன்னும் மூன்று மாதம் கொடுக்கலாம். பயமும் வெட்கமும் கலைந்து ஒரு பெண் தாயாரிடம் வாய் திறப்பதற்குள்ளேயே பாதிக் காலம் கழிந்துவிடுகிறது என்பதைச் சட்டம் செய்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

காலத்தில் கதவைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்ரீமதி சி. பி. முத்தம்மாவைச் சொல்லலாம். குடகில் பிறந்து சென்னையில் படித்து, 1949-ல் வெளிநாட்டு சர்வீஸில் சேர்ந்த முதல் பெண்மணி அவர். கல்யாணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று அந்த சர்வீஸில் ஒரு விதி இருந்தது. உயர்வு மறுக்கப்பட்டதும் அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1979-ல் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் சர்க்கார் தானாகவே உயர்வைக் கொடுத்துவிட்டது! ஆனாலும் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளை விடாமல் வெளுத்து வாங்கினார்.

எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றுதான். ஊழியர் ஒரு வருஷம் தாமதித்தால் உரிமை போய்விடுகிறது. மனுவை நாலு வருஷம் மேஜையில் வைத்திருந்த அதிகாரிக்கு என்ன போகிறது? ஆறு மாத மௌனத்தை மறுப்பாக எண்ணும் சட்டம், அந்த மௌனத்தை ஏன் ஒரு குற்றமாக எண்ணக்கூடாது? பார்லிமெண்டில் இதைக் கேட்க வேண்டும்.

கேட்கும்வரையில் ஆர்.கே.பேட்டைக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உரிய வழியாக அனுப்பும் மனுவுக்கு ஒரு முன்னகலை நேரே மேலிடத்துக்குத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தட்டும். அதன் பிறகு சுவரிலுள்ள தினசரிக் காலண்டரில் ஆறாவது மாதத்துத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கட்டும். அன்று காலை திருத்தணியில் ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் சென்னையில் ஒரு வக்கீலைப் பார்த்துவிடலாம்.