வேரை விட்டு இலைக்கு மருந்தா?

மேலைநாட்டு உளமருத்துவம் சூட்டும் நோய்ப்பெயர்கள் எல்லா நாட்டார்க்கும் ஒருங்கே பொருந்தும் என்பது, இற்றைநாளில் ஆராயாமல் ஏற்கப்படும் கருத்துகளுள் ஒன்று. துயருற்றவன் எம்மொழியினன், எந்நிலத்தினன், எதனால் துயருற்றான் என்று கேளாமலே, படிவத்திற் குறியிட்டுப் பெயர் சூட்டி அறிவுரை வழங்கும் வல்லுநர் பெருகியுள்ளனர். இம்முறையின் குறையை அறியத் தொலைவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. கும்மிடிப்பூண்டி போதும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் அத்தொழிற்பேட்டை ஊரில் ஈழத்தமிழர் முகாம் ஒன்றுளது. 1983ஆம் ஆண்டு ஆடிப் படுகொலைக்குப் பின் அலையலையாக வந்த ஏதிலியரும் அவர்தம் மக்களும் பெயரரும், தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய முகாம்களில் வாழ்கின்றனர். 2021ஆம் ஆண்டு தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. புதிய வீடுகளும் கட்டப்பட்டன. ஆயினும் குடியுரிமை வரவில்லை. 1987 சூலை 1 முதல், இந்திய மண்ணிற் பிறந்தாலும் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியினராய் இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் பாக்கித்தான், ஆப்கானித்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தார்க்கு வழிதிறந்தது. ஈழத்தமிழரை வெளியே நிறுத்தியது. பட்டம் பெற்ற இளைஞனும் அரசுப்பணிக்கு உரியனல்லன்; வண்ணம் பூசும் நாட்கூலிக்குச் செல்கிறான்.

இவ்விளைஞன் உறக்கமிழந்து ஊக்கமிழந்து கிடப்பானாயின், அவனுக்குற்ற நோய் யாது? வல்லுநர் பட்டியலில் அதற்கொரு பெயர் உண்டு: நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடுநோய். அமெரிக்க உளமருத்துவர் கழகம் 1980ஆம் ஆண்டு இதனைத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. வியட்நாம் போரினின்று திரும்பிய அமெரிக்கப் படைஞரின் துயரே அதற்குப் பெரிதும் அடிப்படை. அவர்க்குத் திரும்பிச் செல்ல வீடிருந்தது; நாடிருந்தது. 'பிற்பட்ட' என்னும் அடைமொழியே, நெருக்கீடு முடிந்துவிட்டது என்று கொள்வதாகும். முகாமில் அது முடிந்ததா? முடியாத நெருக்கீட்டிற்கு முடிந்ததன் பெயரைச் சூட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

வல்லுநர் முறைகள் வழுவியதும் உண்டு. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கைக் கரையைத் தாக்கியபின், அறிவுரையாளர் பலர் அயல்நாடுகளினின்று அங்கு விரைந்தனர். மக்கள்மொழி அறியாதாரும் அவருள் இருந்தனர். நேர்ந்ததை உடனே சொல்லவைத்தால் உளப்புண் ஆறும் என்பது அந்நாளிற் பரவியிருந்த ஒரு முறை. ஆனால், ஒருமுறை அமர்த்திச் சொல்லவைப்பதால் அந்நோய் தடுக்கப்படுவதாகச் சான்றில்லை என்றும், பாதிப்புற்றோரை அதற்குக் கட்டாயப்படுத்தல் கூடாது என்றும் 2002ஆம் ஆண்டிலேயே காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு உரைத்திருந்தது.

மண்ணையும் மக்களையும் அறிந்த மருத்துவர் கூறுவது வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தயா சோமசுந்தரம், போரின் புண் தனியாள் உளத்தில் மட்டுமன்றிக் குடும்பத்திலும் ஊரிலும் குமுகாயத்திலும் உள்ளது என்று பல்லாண்டு ஆய்ந்து எழுதியுள்ளார். குமுகாயப் புண்ணைத் தனியொருவன் தலைக்குள் தேடினால் அகப்படுமா?

இதனால் உளமருத்துவமே வேண்டா என்பது கருத்தன்று. 2001 ஆகத்து 6ஆம் நாள் ஏர்வாடியில், தளையிடப்பட்டிருந்த உளநோயர் 28 பேர் தீயில் மாண்டனர். மருத்துவம் பெற வேண்டியவரை விலங்கில் பூட்டியதன் விளைவு அது. கடும் உளநோய்க்கு மருந்து வேண்டும், மருத்துவரும் வேண்டும். ஆனால் உரிமையின்மை நோயன்று. அதற்கு மாத்திரையும் இல்லை; மூச்சுப் பயிற்சியும் இல்லை.

நோயை மட்டுமன்றி அதன் வேரையும் தேடுக என்பது, 'மருந்து' என்னும் பகுதியில் வள்ளுவர் மருத்துவர்க்கு வைத்த நெறி. கும்மிடிப்பூண்டி இளைஞனின் நோய்க்கு வேர் அவன் மூளையில் இல்லை. தில்லியின் சட்டப்புத்தகத்தில் உள்ளது. ஆங்குத் திருத்தம் நேரும்வரை, "நெஞ்சைத் தேற்றிக்கொள்" என்று அவனுக்குச் சொல்லும் அறிவுரை, அநீதியைப் பொறுத்துக்கொள் என்பதன் மறுபெயரே. அவனுக்கு வேண்டிய மருந்து குடியுரிமை. அதைக் கேட்டுப் பெற்றுத்தரும் கடமை தமிழர் அனைவர்க்கும் உரியது.